டிசம்பரில் ஐந்து நாள் குடகு: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான். தஞ்சாவூர்க் குடும்பம். எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன். அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள் குடகு போக நினைக்கிறார்கள். காபித் தோட்டத்தில் தங்க வேண்டும், அருவி பார்க்க வேண்டும், ஒரு மலையாவது ஏற வேண்டும். ஆனால் காலையில் வண்டியில் ஏறி இரவில் இறங்குகிற பயணமாக இருக்கக் கூடாது.

நான் கும்பகோணத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறவன். கொட்டை பார்த்து வாங்குவதற்காக இருபத்திரண்டு வருஷமாகக் குடகுக்குப் போய்வருகிறேன். முதல் சில வருஷம் தனியாக, பிறகு வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. மழையில், வெயிலில், பூக்கும்போது, பழம் பறிக்கும்போது என்று எல்லா மாதமும் அந்த மலையில் இருந்திருக்கிறேன். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே மாதத்தில் முழுசாகக் கிடைக்காது. அருவிக்கு ஒரு காலம், காபிக்கு ஒரு காலம், மலை ஏற ஒரு காலம். உங்களுக்கு டிசம்பர்தான் வசதி என்பதால், டிசம்பர் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்று பார்ப்போம்.

அருவிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவமழையை அந்த மலை மார்பில் வாங்கிக்கொள்கிறது. பாகமண்டலம் பக்கம் 5,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிற வருஷங்கள் உண்டு. நம் டெல்டாவில் பெய்வதைப் போல நான்கைந்து மடங்கு. சாலை ஓரத்துப் பாறையெல்லாம் அருவியாகும், பேர் இல்லாத அருவிகளே நூறு இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை அடிக்கடி மூடிவிடும், அட்டை காலைவிட்டு இறங்காது, வெளியே ஒரு துணி காயாது. 2018 ஆகஸ்டில் மடிக்கேரியைச் சுற்றி மலைச்சரிவுகள் வீடுகளையும் தோட்டங்களையும் இழுத்துக்கொண்டு போனதை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. பெரியவர்களோடு ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள்.

காபிப் பூவுக்கு பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. கோடையின் முதல் நல்ல மழை விழுந்து எட்டு, பத்து நாளில் மலை முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகும். மல்லிகையைப் போன்ற வாசனை. மூன்று நாள், நான்கு நாள் நிற்கும், பிறகு பழுப்பாகிக் கொட்டிவிடும். அந்த முதல் மழையைப் 'பூ மழை' என்கிறார்கள். காபியில் அரபிகா, ரொபஸ்டா என்று இரண்டு ஜாதி. இப்போது ரொபஸ்டா தோட்டக்காரர்கள் பலர் மழைக்குக் காத்திராமல் தெளிப்பான் வைத்து நனைத்தே பூக்க வைக்கிறார்கள். பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டிய காட்சி, ஆனால் நாள் குறித்துக்கொண்டு போய்ப் பார்க்க முடியாது. அப்போது அருவிகளில் தண்ணீர் நூலாக இறங்கும். காட்டுத் தீக்குப் பயந்து மலைப்பாதைகளும் மூடியிருக்கும்.

உங்கள் டிசம்பர் கடைசி வாரம் அரபிகா பறிப்புக் காலம். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை நடக்கும். அதன் பின்னாலேயே ரொபஸ்டா பழுத்து வரும், அது மார்ச் வரை போகும். வானம் தெளிந்திருக்கும், இரவில் பன்னிரண்டு, பதினான்கு டிகிரிக்கு இறங்கும். மலை ஏறுவதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. அருவி மட்டும் பாதிதான். ஆகவே இந்தப் பயணத்தைக் காபிக்கும் நடைக்குமாக வைத்துக்கொள்ளுங்கள். அருவியை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

பறிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நாம் தினம் இரண்டு வேளை குடிக்கிற பொருள், எங்கிருந்து எப்படி வருகிறது என்பது நம் ஊரில் பலருக்கும் தெரியாது. காபிச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கிளையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கலந்திருக்கும். அரபிகாவில் சிவந்ததை மட்டும் கையால் கிள்ளி எடுக்க வேண்டும், பச்சையை விட்டுவிட்டுப் பத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி வர வேண்டும். இப்படி மூன்று, நான்கு சுற்று. இடுப்பில் பை கட்டிக்கொண்டு சரிவில் நின்று பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எரவர், குருபர் என்ற அந்த மண்ணின் பழங்குடிகள் பல தலைமுறையாக இந்த வேலையில் இருக்கிறார்கள். இப்போது வெளிமாநிலத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சாயங்காலம் மூட்டைகளைத் தராசில் போட்டு ஒவ்வொருவர் கணக்கையும் எழுதுவார்கள். உங்கள் பையனை அந்த நேரத்தில் அங்கே நிற்க வையுங்கள். ஒரு கிளாஸ் காபிக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்பதை அங்கே ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்வான்.

பறித்த பழத்தை அன்று இரவே பல்ப்பரில் போட்டுத் தோலை உரிப்பார்கள். உள்ளே இரண்டு கொட்டை, முதுகு முதுகாக அல்ல, தட்டையான வயிறு இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும். மேலே வழுவழுவென்று ஒரு பசை. தொட்டியில் ஓர் இரவோ அதற்கு மேலோ ஊறவிட்டால் பசை நொதித்துக் கழன்று வரும். கையை விட்டுப் பார்த்து, கொட்டை கூழாங்கல்லைப் போல நறநறத்தால் கழுவலாம் என்பார்கள். கழுவிய பின் களத்தில் ஒரு வாரம், பத்து நாள் வெயில். நெல் காயவைக்கிற மாதிரியே பலகையால் தள்ளித் தள்ளி விடுவார்கள், சாயங்காலம் குவித்துப் படுதா போடுவார்கள். உங்கள் அப்பா களத்துமேடு பார்த்து வளர்ந்தவராக இருந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். என் அப்பா இப்படித்தான், முதல் தடவை வந்தபோது மூன்று நாளும் களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேஸ்திரியோடு சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

இப்படிக் கழுவிக் காய்ந்ததுதான் நம் கடைகளில் நீங்கள் கேட்கிற 'பிளான்டேஷன் ஏ'. பழத்தை உரிக்காமல் தோலோடு முழுசாகக் காயப்போட்டால் அதற்குப் பெயர் 'செர்ரி'. ரொபஸ்டா பெரும்பாலும் செர்ரியாகத்தான் காய்கிறது. 'பீபெர்ரி' என்று கேட்டு வாங்குகிறீர்களே, அது தனி ஜாதி இல்லை. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே ஒன்று விளைந்து, தட்டையாக இல்லாமல் உருண்டு திரண்டுவிடும். எல்லாச் செடியிலும் கொஞ்சம் அப்படி விளையும். அதைச் சலித்துத் தனியாக எடுக்கிறார்கள். வறுக்கும்போது உருண்டு உருண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிவக்கும் என்பதுதான் அதன் மவுசு. களத்தில் குனிந்து தேடினால் பையனே நாலு பீபெர்ரி பொறுக்கிவிடுவான்.

தங்கும் இடம். எல்லோரும் மடிக்கேரி என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். மடிக்கேரி மாவட்டத் தலைநகரம். பஸ் நிலையம், கடைத்தெரு, விடுமுறையில் ஊர்ந்து போகிற கார் வரிசை. டிசம்பர் கடைசி வாரம் அங்கே தங்கினால் நீங்கள் எதற்குத் தப்பித்து வந்தீர்களோ அதற்குள்ளேயே இருப்பீர்கள். தெற்கே, விராஜ்பேட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் கக்கபெ என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் தேனுக்குப் பேர்போன இடம். குடகின் மிக உயர்ந்த சிகரமான தடியண்டமோள் அதன் தலைக்கு மேலேயே நிற்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் தோட்ட வீடுகளில் அறை கொடுக்கிறார்கள். ஒரே வீட்டில் நான்கு இரவும் தங்குங்கள். இடம் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போய்விடும், பெரியவர்களுக்குப் புது இடத்தில் முதல் இரவு தூக்கமும் வராது.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். படத்தில் தோட்டம், பனி, மர வராந்தா எல்லாம் இருந்தன. போய்ப் பார்த்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் சிமெண்ட் கட்டடம், பின்னால் பேருக்கு ஐம்பது செடி. படம் வேறு யாருடைய தோட்டத்திலோ எடுத்தது. அதற்குப் பிறகு போன் செய்யும்போது நான்கு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் இந்த வருஷம் பறிப்பு எப்போது தொடங்கியது? பல்ப்பர் உங்களுடையதா, வெளியே கொடுக்கிறீர்களா? சாப்பாடு வீட்டில் யார் சமைக்கிறார்கள்? தார்ச்சாலையிலிருந்து வீடு எவ்வளவு தூரம், கார் வாசல் வரை வருமா, ஜீப் வேண்டுமா? தோட்டக்காரர் என்றால் முதல் கேள்விக்கே கால் மணி நேரம் பேசுவார். அந்தப் பேச்சிலேயே வீடு தெரிந்துவிடும். உங்கள் அம்மாவுக்காக ஐந்தாவதாக ஒன்றும் கேளுங்கள்: அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும்? சரிவில் கட்டிய வீடுகளில் நாற்பது, ஐம்பது படி சாதாரணம்.

முடிந்தால் நிழல் மரங்களைப் பற்றியும் விசாரியுங்கள். குடகின் காபி நிழலில் வளர்வது. பழைய தோட்டங்களில் பலா, அத்தி, ஈட்டி என்று காட்டு மரங்களே நிழல் கொடுக்கும், அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கீழே நின்றால் தோட்டமா காடா என்று தெரியாது. பல இடங்களில் இப்போது சில்வர் ஓக் ஒன்றையே வரிசையாக நட்டுவிட்டார்கள். சீக்கிரம் வளரும், வெட்டி விற்கவும் எளிது. ஆனால் அதில் பழம் இல்லை, பழம் இல்லையென்றால் பறவையும் குறைவு. பலாவும் அத்தியும் நிற்கிற தோட்டத்தில் விடியற்காலை ஜன்னலைத் திறந்தால் யாரோ ஒரு பையன் மெதுவாக விசிலடித்துக்கொண்டு போவது போலக் கேட்கும். அது சீகாரப் பூங்குருவி. பாட்டு மெட்டுப் போல ஏறும், இறங்கும், பாதியில் நின்றுவிடும். அதைக் கேட்பதற்காகவே நான் முன்னதாக எழுந்துகொள்வேன்.

போகும் வழி உங்களுக்குச் சுலபம். குடகு மாவட்டத்துக்குள் ரயிலே கிடையாது, மைசூருவில் இறங்க வேண்டும். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக மைசூருவுக்கு இரவு ரயில் இருக்கிறது. காலையில் இறங்கி, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஹுன்சூர், கோணிகொப்பல் வழியாக விராஜ்பேட்டைக்குக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று மணி நேரம். ஹுன்சூர் தாண்டியதும் நாகரஹொளெக் காட்டின் ஓரமாகச் சாலை போகும். அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள், குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தோட்ட வீட்டில் இருக்கலாம். பணம் எடுப்பது, மருந்து வாங்குவது எல்லாவற்றையும் விராஜ்பேட்டையிலேயே முடித்துவிடுங்கள். கக்கபெ பக்கம் சில இடங்களில் போன் சிக்னலும் எடுக்காது. அப்பாவின் மாத்திரை பத்து நாளைக்கு இருக்கட்டும்.

முதல் நாள் எங்கும் போக வேண்டாம். வந்ததும் பெல்ல காப்பி கொடுப்பார்கள். பால் இல்லாமல், வெல்லம் போட்டுக் கொதிக்க வைத்த காபி. நம் பில்டர் காபி நாக்குக்கு முதல் வாய் விசித்திரமாக இருக்கும், மூன்றாம் நாள் இரண்டாவது டம்ளர் கேட்பீர்கள். சாயங்காலம் வீட்டுக்காரரோடு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வயல்களையும் பாருங்கள். மலைச்சரிவில் காபியும், இரண்டு சரிவுக்கு நடுவே பள்ளத்தில் நெல்லுமாக இருக்கும். டிசம்பர் கடைசியில் அறுப்பு முடிந்து தாள் நிற்கும். அந்த அறுவடைக்குத்தான் 'புத்தரி' என்று ஒரு திருவிழா கொண்டாடுகிறார்கள். புது அரிசி என்று நமக்கே பொருள் புரிகிறது அல்லவா. குடகின் மக்களான கொடவரின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். கர்நாடகத்துக்குள் இருந்தாலும் அந்த மொழியை மொழியியலாளர்கள் கன்னடத்தைவிடத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருக்கமாக வைக்கிறார்கள். உங்கள் அம்மா சமையலறை வாசலில் நின்று பேச ஆரம்பித்தால் பாதி வார்த்தை புரிந்துவிடும்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. குடகில் யானை காட்டுக்குள் மட்டும் இல்லை, காபித் தோட்டத்துக்குள்ளும் நிற்கும். பகலில் செடிகளுக்கு நடுவே அசையாமல் நின்றால் பத்தடி தள்ளிப் போகிறவருக்கும் தெரியாது. தோட்டத் தொழிலாளர்கள் வருஷா வருஷம் இதில் உயிரிழக்கிறார்கள். வெளிச்சம் வருமுன்னும் இருட்டிய பின்னும் தோட்டப் பாதையில் நடக்க வேண்டாம். பகலிலும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். 'இன்று அந்தப் பக்கம் வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பையனிடம் இதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் நாளும் தோட்டம்தான். பறிப்பு, தராசு, பல்ப்பர், களம். அவசரமே இல்லை.

மூன்றாம் நாள் மலை. தடியண்டமோள் 1,748 மீட்டர். கடினமான மலை இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஏறுவான், தினம் கொஞ்சம் நடக்கிற பழக்கம் இருந்தால் நீங்களும் ஏறிவிடுவீர்கள். முதலில் ஒரு முக்கிய வேலை: கர்நாடக வனத்துறையின் 'அரண்ய விஹாரா' இணையதளத்தில் பெயர், அடையாள அட்டை கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். வார நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், பதிவின் நகலைக் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே இன்டர்நெட்டை நம்ப முடியாது.

பாதை நால்குநாடு அரண்மனைக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. முதல் பகுதி தோட்டங்களுக்கு நடுவே ஏறுகிற வண்டிப்பாதை, அதில் கொஞ்ச தூரம் ஜீப்பில் போய்விடலாம். நடந்தால் அங்கேயே மூச்சு வாங்கும், மேலே போகத் தெம்பு இருக்காது. ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு புல்வெளி. மலையின் முதுகெல்லாம் மஞ்சள் கலந்த புல், மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று அடிக்காத, ஈரம் தங்குகிற பள்ளங்களில்தான் அந்த மரங்கள் பிழைக்கின்றன. சோலைக்குள் நுழைந்ததும் வெயில் அணைந்து, குளிர் காலைத் தொடும். அதன் அடியில் ஊறுகிற நீர்தான் கீழே ஓடையாகிறது. புல்லும் பஞ்சு போல மழையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழை நின்று மூன்று மாதம் கழித்தும் ஓடைகளில் தண்ணீர் ஓடுவது இதனால்தான்.

கடைசி அரை மணி நேரம் செங்குத்து. அங்கே நிறையப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்களும் உட்காருங்கள், பிறகு எழுந்து ஏறுங்கள். உச்சியில் நின்றால் கிழக்கே குடகின் மலைகள் அலை அலையாகவும், மேற்கே கேரளத்தை நோக்கிச் சரேலென்று விழுகிற சரிவும் தெரியும். ஏறி இறங்க நிதானமாக ஐந்து, ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல பிடிமானமுள்ள ஷூ, மதியத்துக்கு வீட்டில் கட்டிக் கொடுத்த சாப்பாடு. புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள், இறங்கும்போது கால் விரல் நகம் கறுத்துவிடும். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. மேலே கொண்டுபோன பிளாஸ்டிக் உறையைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

அப்பா அம்மாவை அன்று வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வராதென்றால் நால்குநாடு அரண்மனை வரை கூட்டிப்போகலாம். பெயர்தான் அரண்மனை, பெரிய பண்ணை வீடு போல அடக்கமாக இருக்கும். மரத்தூண்கள், சின்ன ஜன்னல்கள், சுவரில் மங்கிப்போன ஓவியங்கள். 1792-ல் குடகு அரசன் தொட்ட வீரராஜேந்திரன் கட்டத் தொடங்கியது. திப்பு சுல்தானோடு போர் நடந்த காலம், ஒளிந்திருக்க ஏற்ற இடமாகத்தான் காட்டுக்குள் கட்டினான். 1834-ல் ஆங்கிலேயர் குடகைப் பிடித்துக்கொண்டபோது கடைசி அரசன் சிக்க வீரராஜேந்திரன் அடைக்கலம் புகுந்ததும் இங்கேதான். பிறகு அவனைக் காசிக்கு அனுப்பிவிட்டார்கள். 1852-ல் மகள் கௌரம்மாவோடு லண்டன் போனான். அந்தப் பெண்ணுக்கு விக்டோரியா மகாராணியே ஞானத்தாயாக இருந்தாள். அரசு மாறி இருபது ஆண்டுக்குள்ளேயே ஆங்கிலேயரின் பெரிய காபித் தோட்டங்கள் இந்த மலைகளில் வந்துவிட்டன. அரண்மனைத் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் ஒரு மணி நேரம் காற்று வாங்கட்டும், பிறகு கார் அவர்களை வீட்டில் விட்டுவரட்டும்.

அருவிக்கு வருவோம். கக்கபெயிலிருந்து கிட்டத்தில் செலவார அருவி. பாறை முகத்தில் அகலமாகப் பரவி இறங்கும். ஆமை முதுகு போன்ற பாறை. டிசம்பரில் முழு அகலம் இருக்காது, ஆனாலும் பார்க்க வேண்டியது. நான்காம் நாள் மாலையில் போங்கள். அடியில் இருக்கிற குளத்தில் மட்டும் இறங்கவே கூடாது. மேலே பார்க்க அமைதியாக, பச்சையாக இருக்கும். உள்ளே ஆழம், பாறை வழுக்கும். நீந்தத் தெரிந்த இளைஞர்களே அங்கே இறந்திருக்கிறார்கள். ஒரு வருஷம் நான் போனபோது கயிறு கட்டி ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு ஜோடி செருப்பும், மேலே மடித்து வைத்த சட்டையும் இருந்தன. அதற்குப் பிறகு யாரை அங்கே அழைத்துப் போனாலும் பாறைக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறேன்.

மடிக்கேரிக்குப் பக்கத்தில் இருக்கிற அப்பி அருவிதான் எல்லோரும் போகிற இடம். கொடவ மொழியில் 'அப்பி' என்றாலே அருவிதான். மழைக்காலத்தில் அது பெரிய அருவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விடுமுறை வாரத்தில் படியில் வரிசை நிற்க வேண்டியிருக்கும், குளிக்க அனுமதி இல்லை. விட்டுவிடலாம். தெற்கே பிரம்மகிரி அடிவாரத்தில் இருப்பு அருவி எனக்குப் பிடித்தது. லட்சுமண தீர்த்த ஆறு அங்கேதான் இறங்குகிறது, கீழே ராமேஸ்வரர் கோயில். ஆறாவது நாள் ஒன்று கிடைத்தால் அதற்குக் கொடுங்கள். ஐந்து நாளில் திணிக்காதீர்கள். வடக்கே சோமவாரப்பேட்டைப் பக்கம் மல்லள்ளி அருவி எல்லாவற்றிலும் கம்பீரமானது, குமாரதாரா ஆறு ஏறத்தாழ 200 அடி விழுகிறது. ஆனால் இறங்கி ஏற வேண்டிய படிகள் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது, கக்கபெயிலிருந்து தூரமும் அதிகம்.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் எப்படியாவது நேரம் ஒதுக்குங்கள் என்று சொல்வேன், தலைக்காவிரி. நான்காம் நாள் காலையில் அங்கே போய்விட்டு, திரும்பி வந்து மாலையில் செலவார என்று வைத்துக்கொள்ளலாம். கக்கபெயிலிருந்து பாகமண்டலத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின், அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் மலை ஏறினால் தலைக்காவிரி. 1,276 மீட்டர் உயரம். போய்ப் பார்த்தால் சின்னச் சதுரத் தொட்டி ஒன்று, அதன் முன்னால் ஒரு குளம், அவ்வளவுதான். ஆறு ஓடுவதே கண்ணுக்குத் தெரியாது. ஊற்று நிலத்துக்குள் இறங்கிக் கீழே வெளிப்படுகிறது என்கிறார்கள். பாகமண்டலத்தில் கன்னிகெ ஆறு வந்து சேரும்போதுதான் ஆறு என்று சொல்லும்படி இருக்கும்.

ஐப்பசி பிறக்கிற நேரத்தில், அக்டோபர் பதினேழையொட்டி, அங்கே துலா சங்கிரமணம். குறித்த நேரத்தில் தொட்டியில் ஊற்று பொங்கும் என்று குடகு முழுக்கத் திரண்டு வந்து காத்திருக்கும், குப்பியில் அந்தத் தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப்போகும். அன்று தொடங்குகிற அதே துலா மாதம்தான் நம் மயிலாடுதுறையில் துலா ஸ்நானம், மாதக் கடைசியில் கடைமுழுக்கு. ஆற்று வழியாகப் போனால் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தள்ளி, மொழி வேறு, ஊர் வேறு, ஆனால் ஒரே மாதத்தில் ஒரே ஆற்றை இரண்டு முனையிலும் கும்பிடுகிறார்கள். என் அம்மா அந்தத் தொட்டியின் முன்னால் நின்றபோது பத்து நிமிஷம் பேசவே இல்லை. பிறகு, "மேட்டூர்ல தண்ணி எப்பத் திறப்பான்னு வருஷா வருஷம் காத்துக் கெடக்கிறோமே, அது இந்தச் செம்பளவு தண்ணியாடா?" என்றாள். உங்கள் அப்பா அம்மாவும் டெல்டாக்காரர்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். கோயிலுக்கு ஏற்ற உடையோடு போங்கள், மேலே காற்று பலமாக அடிக்கும், பெரியவர்களுக்குக் காதை மூட ஒரு துண்டு வேண்டும்.

சாப்பாட்டில் உங்களுக்கு நிறைய இருக்கிறது. கடம்புட்டு, அதாவது அரிசி நொய்யை வேகவைத்து உருட்டிய உருண்டை. நூல்புட்டு நம் இடியாப்பமேதான். பாப்புட்டு, நொய்யும் தேங்காயும் சேர்த்து அவித்தது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பந்திக்கறி, பன்றிக்கறிதான். அதைக் கறுப்பாக்குவதும் புளிப்பாக்குவதும் காச்சம்புளி. ஒரு காட்டுப் பழத்தின் சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சித் தார் போலாக்கியது. இரண்டு சொட்டுப் போதும். நீங்கள் சைவம் என்றால் அறை பேசும்போதே சொல்லிவிடுங்கள். காளான் குழம்பு, கீரை, பூசணி என்று நன்றாகவே செய்து போடுவார்கள். மழைக்காலத்தில் மூங்கில் குருத்துக் குழம்பும், ஆடி பதினெட்டில் மருந்துச் செடியின் இலையைக் கொதிக்க வைத்துக் கருஊதா நிறத்தில் ஒரு பாயசமும் உண்டு. அவர்களுக்கும் அந்தப் பதினெட்டு முக்கியமான நாள்தான். நீங்கள் போகும் மாதத்தில் அது கிடைக்காது, வீட்டுக்கார அம்மாவிடம் கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

துபாரெ யானை முகாம், மண்டல்பட்டி ஜீப் சவாரி, ராஜா சீட் சூரிய அஸ்தமனம் என்று பட்டியல் கொடுப்பார்கள். எல்லாமே கக்கபெயிலிருந்து தூரம், எல்லா இடத்திலும் அந்த வாரம் கூட்டம். பையன் அடம்பிடித்தால் ஒழியப் போக வேண்டாம். டிசம்பர் 31 இரவைத் தாண்டி அங்கே இருக்காதீர்கள். இருபத்தாறில் போய் முப்பதில் கிளம்பிவிடுவது மாதிரி வைத்துக்கொண்டால் நல்லது. அறை பதிவை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். அட்டைக்குப் பயப்பட வேண்டாம், டிசம்பரில் ஈரமான சோலைக்குள் ஒன்றிரண்டு இருக்கலாம். ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் உப்பைத் தடவினால் தானே விழும்.

கடைசி நாள் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மைசூருவிலிருந்து நம் பக்கம் வருகிற ரயில் மாலையிலேயே கிளம்பிவிடும். காலைப் பலகாரம் முடித்து எட்டு மணிக்குக் கிளம்பினால்தான் நிம்மதி. கிளம்பும் முன் காபி வாங்க வேண்டும். சாலையோரக் கடைகளில் வண்ணப் பொட்டலத்தில் இருக்கிற தூளை எடுக்காதீர்கள், எப்போது வறுத்தது, சிக்கரி எவ்வளவு என்று பெரும்பாலும் தெரியாது. தங்கிய வீட்டிலேயே போன வருஷத்து அரபிகா கொட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். களத்தில் நீங்கள் பார்த்தது இன்னும் மேலோடு பிரித்துத் தரம் சலிக்கப் போகவில்லை, அது கைக்கு வர மாதங்கள் ஆகும். பச்சைக் கொட்டையாகவே இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுப்படாத டப்பாவில், ஈரமில்லாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஊருக்கு வந்து அக்கம்பக்கத்தில் வறுத்துத் தருகிற கடையில் கால் கிலோ கால் கிலோவாகக் கொடுத்து வறுக்கச் சொல்லுங்கள். நல்ல சிவப்பில் நிறுத்தச் சொல்லுங்கள், கருக விட வேண்டாம். முதல் தடவை சிக்கரி சேர்க்காமல் குடித்துப் பாருங்கள். பிறகு வேண்டுமானால் நூற்றுக்குப் பத்து, பதினைந்து சேர்த்துக்கொள்ளலாம்.